உயிரோடு பார்த்த சுறா



கடலைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாகவே எனக்கு இருந்து வந்தது. நான் பணிபுரியும் தமிழ்ப்பள்ளி பேராக் மாநிலத்தின் மஞ்சோங் வட்டாரத்தில் இருக்கின்றது. பள்ளியைச் சுற்றிலும் செம்பனை மரங்கள்தாம். ஆயினும் சற்று நேரம் வண்டி ஓட்டினால் கடற்கரை வந்துவிடும்; எதிரே பங்கோர் தீவு தெரியும். எங்கள் மாணவர்கள் மீன் உண்டு வளர்ந்தவர்கள். கெம்போங், தெங்கிரி, நெத்திலி, சுறா என்று பெயரைச் சொன்னால் போதும். அதைக் குழம்பு வைக்க வேண்டுமா, பொரிக்க வேண்டுமா, புட்டு செய்ய வேண்டுமா என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதே மீன் கடலில் எங்கே வாழும், எதை உண்ணும், எத்தனை குட்டி போடும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

இதில் பிள்ளைகளைக் குறைசொல்ல இயலாது. நம்மில் எத்தனை பேர் ஒரு மீனை அதன் வீட்டில் கண்டிருக்கிறோம்? காட்டு யானையைக் காணாதவர்கூடத் தைப்பிங் விலங்கியல் பூங்காவில் உயிருள்ள யானையைப் பார்த்திருப்பார். மீனை மட்டும் நாம் பெரும்பாலும் அது இறந்த பிறகே, சந்தையில் பனிக்கட்டியின்மேல் கிடக்கும்போதுதான் சந்திக்கிறோம். மலையில் மரங்கள் வெட்டப்பட்டால் நெடுஞ்சாலையில் போகிறவர் கண்ணிலும் அது படும். கடலடியில் ஒரு பவளப்பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டாலோ மேலே அலைகள் எப்போதும்போலத்தான் அடித்துக்கொண்டிருக்கும். கரையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காப்பாற்றுங்கள் என்று மக்களிடம் சொல்வது கடினம். அதனால்தான் கடற்பாதுகாப்பில் நீருக்கடியில் எடுக்கப்படும் நிழற்படங்களுக்கும் திரைப்படங்களுக்கும் தனியிடம் இருக்கின்றது. அப்படங்கள் எதைச் சாதித்தன, எங்கே நின்றுவிட்டன, என் வகுப்பில் அவற்றைக் காட்டியபோது என்ன நேர்ந்தது என்பனவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நீருக்கடியில் படமெடுப்பது எளிய செயலன்று. அறிவியல் ஆசிரியர்கள் இதனையே ஒரு பாடமாக நடத்தலாம். கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கத் தொடங்கும். பத்து மீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் மறைந்துபோகும். செந்நிற மீன் அங்கே சாம்பல் நிறமாகத் தோன்றும். ஆகவே, படமெடுப்பவர் தம்மோடு விளக்கையும் கொண்டுசெல்ல வேண்டும். விளக்கைக் கேமராவை ஒட்டியே வைத்தால் நீரில் மிதக்கும் துகள்கள்மேல் ஒளிபட்டு, படம் முழுவதும் பனி பெய்ததுபோல் ஆகிவிடும். அதனால் இரு பக்கமும் கை நீட்டினாற்போல் விளக்குகளைத் தள்ளிப் பொருத்துவார்கள். ஒளிவிலகலால் பொருள்கள் உண்மையான தொலைவைக் காட்டிலும் ஏறத்தாழக் கால்பங்கு அருகில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். இவ்வளவையும் மூச்சுக் காற்றின் கணக்கைப் பார்த்துக்கொண்டே செய்தாக வேண்டும்.

இந்தத் துறையின் வரலாறு நாம் நினைப்பதைவிடப் பழையது. பிரான்சு நாட்டு உயிரியலாளர் லூயி பூத்தான் 1893-ஆம் ஆண்டிலேயே கடலுக்கடியில் நிழற்படம் எடுத்தார். 1926-இல் அமெரிக்காவின் புளோரிடா கடற்பகுதியில் வில்லியம் லாங்லி, சார்லஸ் மார்ட்டின் என்னும் இருவர் முதன்முதலாக நீருக்கடியில் வண்ணப்படம் எடுத்தனர். வெளிச்சத்திற்காக நீர்மேல் மிதவையை வைத்து, அதில் மக்னீசியத் தூளைக் கொளுத்தினார்கள். 1943-இல் ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கன்யானும் சேர்ந்து நீருக்குள் மூச்சுவிடும் கருவியை உருவாக்கினர். அதன்பிறகு மனிதன் கயிறும் குழாயும் இன்றி மீன்களுக்கிடையே நீந்திப் படமெடுக்க முடிந்தது.

கூஸ்தோவும் லூயி மாலும் இணைந்து இயக்கிய ‘அமைதியுலகம்’ என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் திரைப்படம் 1956-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் தலைசிறந்த விருதைப் பெற்றது. ஆஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது. உலக மக்கள் கடலடியை வண்ணத்தில் கண்டு வியந்தனர். ஆனால், அதே படத்தில் மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப்பாறையில் வெடிவைக்கும் காட்சியும், கப்பலோடு மோதிக் காயமுற்ற திமிங்கலக் குட்டியைத் தின்னவந்த சுறாக்களைக் குழுவினரே கொக்கியால் இழுத்து அடித்துக் கொல்லும் காட்சியும் உள்ளன. அன்று அதனை யாரும் பெரிய குற்றமாக எண்ணவில்லை. பிற்காலத்தில் கடலைக் காக்க வேண்டும் என்று உலகமெங்கும் குரல் கொடுத்தவர் அதே கூஸ்தோதான். ஆண்டுக்கணக்கில் அதே கடல்களில் இறங்கி, இருந்தது குறைந்துபோனதைக் கண்ணால் கண்டவர் அவர். மனிதர் மாறியதற்குச் சான்றாக அந்தப் படமே நம்மிடம் இருக்கின்றது.

கூஸ்தோவுக்கும் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. சபா மாநிலத்தில் செம்பூர்ணாவுக்கு அப்பால் உள்ள சிப்பாடான் தீவைப் பற்றி அவர் எடுத்த படம் 1989-இல் வெளிவந்தது. கடலடியிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கும் தீவு அது. கரையிலிருந்து சில அடிகள் நடந்தால் பாறை சுவர்போல் செங்குத்தாக ஆழத்திற்கு இறங்கிவிடும். அத்தீவின் அடியில் ஆமைகளின் எலும்புகள் கிடக்கும் சுண்ணாம்புக் குகையும் உண்டு. படம் வெளிவந்த பிறகு சிப்பாடானின் பெயர் உலகமெங்கும் பரவியது. முக்குளிப்பவர்கள் திரண்டு வந்தனர். சிறிய தீவில் தங்கும் விடுதிகள் பெருகின. கழிவும் நெரிசலும் கூடவே வந்தன.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அழகான படம் கூட்டத்தை அழைத்துவரும். கூட்டம் அந்த அழகையே மிதித்து அழித்துவிடவும் கூடும். சிப்பாடானைப் பொறுத்தவரையில் சட்டம் குறுக்கே வந்து நின்றது. 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் அனைத்துலக நீதிமன்றம் அத்தீவு மலேசியாவுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. 2004-ஆம் ஆண்டின் இறுதிக்குள் விடுதிகள் யாவும் தீவை விட்டு அகற்றப்பட்டன. இரவில் தங்குவதற்குத் தடை, நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் முக்குளிக்கலாம் என்ற வரம்பு ஆகியவை வந்தன. படம் விருப்பத்தை விதைத்தது. அந்த விருப்பத்திற்கு வேலி போட்டது சட்டம். இரண்டும் சேர்ந்ததால்தான் அங்கே இன்றும் ஆமைகள் நீந்துகின்றன.

இனி, சுறாவுக்கு வருவோம். 1975-இல் வெளிவந்த ‘ஜாஸ்’ திரைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஒரு படம் ஓர் உயிரினத்தின் பெயரைக் கெடுக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. அந்தப் படத்திற்காக உயிருள்ள வெள்ளைச் சுறாக்களைப் படம்பிடித்துக் கொடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் ரான் டெய்லர், வெலரி டெய்லர் இணையர். மக்கள் சுறாவைக் கண்ட இடத்தில் கொல்லத் தலைப்பட்டதைக் கண்டு வருந்திய அவ்விருவரும், தம் கேமராவையே சுறாவைக் காக்கும் கருவியாக்கினர். அவர்களுடைய நெடிய பரப்புரைக்குப் பின், 1984-ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் சாம்பல் செவிலிச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. உலகில் சட்டத்தால் காக்கப்பட்ட முதல் சுறா அதுவே. ‘ஜாஸ்’ நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியும் தம் பிற்கால வாழ்வைச் சுறாக்களின் பாதுகாப்புக்காகச் செலவிட்டார்.

அதற்கடுத்த தலைமுறையில் வந்தவர் கனடாவைச் சேர்ந்த ராப் ஸ்டூவர்ட். இவர் 2006-இல் ‘ஷார்க்வாட்டர்’ என்னும் ஆவணப்படத்தை வெளியிட்டார். சுறாக்களோடு அமைதியாக நீந்தும் காட்சிகள் ஒருபுறம். துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசிவிடும் வணிகம் மறுபுறம். சூப்புக்காக நடக்கும் இந்தக் கொடுமையைப் பலர் முதன்முதலாக அப்படத்தில்தான் கண்டனர். அதன் தொடர்ச்சியைப் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது, 2017 ஜனவரியில் புளோரிடா கடலில் முக்குளித்த ஸ்டூவர்ட் 37 வயதில் உயிரிழந்தார். 2019-ஆம் ஆண்டு கனடா சுறாத்துடுப்பின் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் தடை விதித்தது.

இந்தப் படத்தின் சில பகுதிகளை நான் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டினேன். துடுப்பறுக்கும் காட்சிகளைக் காட்டவில்லை. அதைச் சொற்களால் மட்டும் சொன்னேன். நீந்தும் சுறாக்களைப் பார்த்தபோது வகுப்பில் ஓர் ஓசைகூட இல்லை. பாடம் முடிந்ததும் ஒரு மாணவி, “டீச்சர், இது நாங்கள் சாப்பிடும் சுறாவா?” என்று கேட்டாள். “எல்லாச் சுறாவும் ஒன்றல்ல. ஆனால், எல்லாம் ஒரே குலம்தான்” என்றேன்.

மூன்றாம் நாள் அம்மாணவியின் தாயார் பள்ளிக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

“டீச்சர், தப்பாக நினைக்காதீர்கள். என் நாத்தனார் பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறார். பால் ஊறட்டும் என்று மாமியார் சந்தையில் பால்சுறா வாங்கிவந்து புட்டு செய்தார். என் மகள் தட்டைத் தள்ளிவிட்டு, ‘பாட்டி, நீங்கள் கொலை செய்கிறீர்கள்’ என்று சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் முன்னால். மாமியார் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.”

பெற்றோர்களே, இந்தச் சிக்கலைச் சற்று எண்ணிப் பாருங்கள். சீனர் விருந்தில் பரிமாறப்படும் துடுப்பு சூப்பைக் குறைசொல்வது நமக்கு எளிது. சுறாப்புட்டோ நம் வீட்டு அடுப்பில் இருப்பது. அதில் கொடுமை ஏதும் நமக்குத் தெரிவதில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பாட்டி காட்டும் பரிவுதான் தெரிகிறது. தொலைதூரத்தில் எடுத்த ஒரு படம் சிறுமியின் நெஞ்சைத் தொட்டது உண்மை. ஆனால், அவள் கோபத்திற்கு அகப்பட்டது அவள் கைக்கெட்டிய தொலைவில் இருந்த பாட்டி மட்டுமே.

“பாட்டியையும் ஒருநாள் பள்ளிக்கு அழைத்து வாருங்கள், அம்மா. அவரும் அந்தப் படத்தைப் பார்க்கட்டும்” என்றேன். தாயார் தயங்கினார். ஆயினும் அடுத்த வாரம் பாட்டி வந்தார். பேத்தியின் பக்கத்தில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “நாப்பது வருசமா இத அறுக்கிறேன், டீச்சரம்மா. இது இப்படி நீந்தும்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

நாற்பது ஆண்டுகள் ஒரு மீனின் தோலையும் குருத்தெலும்பையும் அறிந்தவர், அது உயிரோடு அசைவதை அன்றுதான் கண்டார். நீருக்கடியில் எடுக்கும் படத்தின் முதல் வேலை இதுதான் என்று எனக்கு அப்போது உறைத்தது. சந்தையில் பொருளாகக் கிடப்பதை அது உயிராக்கிக் காட்டுகிறது.

பாட்டி அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, தம் இளமையில் சந்தைக்கு வந்த சுறாக்கள் கையை முழுவதும் நீட்டினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு இருக்கும் என்றும், இப்போது முழங்கை அளவுதான் வருகிறது என்றும் சொன்னார். வகுப்பிலிருந்த ஒரு மாணவன், “அந்தப் பெரிய சுறாவின் போட்டோ இருக்கிறதா, பாட்டி?” என்று கேட்டான். பாட்டி சிரித்துவிட்டு, “மீனை யாரப்பா போட்டோ புடிச்சா?” என்றார்.

அந்த மாணவனின் கேள்வி மிகச் சரியான கேள்வி. பாட்டியின் நினைவு உண்மையாக இருக்கலாம். ஆனால், அதை அளந்து பார்க்க வழியில்லை. நாளும் இடமும் குறித்த ஒரு படம் இருந்திருந்தால் அது சான்றாகியிருக்கும். ஆகவே நாங்கள் ஒரு சிறு வேலையைத் தொடங்கினோம். பெற்றோருடன் சந்தைக்குப் போகும் மாணவர்கள், மீன்காரரின் இசைவோடு, சுறாவின் அருகில் ஓர் அடிக்கோலை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தனர். நாள், சந்தையின் பெயர், நீளம் ஆகியவற்றைக் குறித்தனர். மூன்று மாதங்கள் இப்படிச் செய்தோம். பாட்டி சொன்ன கை நீளச் சுறா எங்கள் படங்களில் ஒன்றுகூட இல்லை. மூன்று மாதக் கணக்கை வைத்துப் பெரிய முடிவுக்கு வர இயலாது என்பதையும் மாணவர்களுக்குச் சொன்னேன். மீன்காரர் ஒருவர், சுறாவை யாரும் தேடிப் போய்ப் பிடிப்பதில்லை, இழுவைமடியில் மற்ற மீன்களோடு சேர்ந்து அதுவும் வந்துவிடுகிறது என்று விளக்கினார். குற்றவாளியைத் தேடிப் போன பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வலைதான் கிடைத்தது.

பால்சுறாவைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். ஆங்கிலத்திலும் அதற்குப் ‘பால்சுறா’ என்றுதான் பெயர். அதன் இறைச்சி தாய்ப்பாலைப் பெருக்கும் என்ற நம் மக்களின் நம்பிக்கையால் வந்த பெயர் அது. சுறாக்கள் மற்ற மீன்களைப்போல் இலட்சக்கணக்கில் முட்டையிடுவதில்லை. பால்சுறா சில குட்டிகளை மட்டுமே ஈனும்; ஆகவே பிடிக்கும் வேகத்திற்கு ஈடுகொடுக்க அதனால் முடிவதில்லை. 2022-ஆம் ஆண்டு பனாமாவில் நடந்த பன்னாட்டு மாநாட்டில், பால்சுறா அடங்கிய சுறாக் குடும்பம் முழுவதும் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இக்கட்டுப்பாடு நாடு விட்டு நாடு நடக்கும் வணிகத்திற்கே உரியது. உள்ளூர்ச் சந்தைக்கு அன்று. நம் நாட்டில் திமிங்கலச் சுறா 1999 முதலே காக்கப்பட்டு வருகிறது. 2019-இல் சுத்தியல்தலைச் சுறா வகைகள் சிலவும் மந்தா திருக்கைகளும் அப்பட்டியலில் சேர்ந்தன.

தாய்மார்கள் அறியவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. சுறா இறைச்சியில் பாதரசம் மிகுதியாகச் சேரக்கூடும் என்பதால், கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் சிறுபிள்ளைகளும் அதைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் அறிவுறுத்துகிறது. இதனை அந்தத் தாயாரிடம் சொன்னேன். பாட்டி என்ன முடிவெடுத்தார் தெரியுமா? “பூண்டும் முருங்கைக்கீரையும் இருக்கவே இருக்கு” என்றாராம். பேத்தியும் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். சுறாப்புட்டு அந்த வீட்டை விட்டு அடியோடு போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் வீட்டுச் செய்தி.

எங்கள் அடிக்கோல் படங்களைப்போல, எண்ணிக்கைக்காகவே எடுக்கப்படும் கடலடிப் படங்கள் இன்று அறிவியலில் பெரும்பணி ஆற்றுகின்றன. இரையைக் கட்டிய சட்டகத்தில் கேமராவைப் பொருத்திக் கடலில் இறக்கிவிடுகிறார்கள். மனிதர் எவரும் உடன் இருப்பதில்லை. வருகிற மீன்களெல்லாம் பதிவாகின்றன. இவ்வாறு 58 நாடுகளில் 371 பவளப்பாறைகளில் எடுத்த காணொளிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பாறைகளில் ஒரு சுறாகூடக் கண்ணில் படவில்லை. வெறுமையைப் படம்பிடித்த காணொளி அது. எந்தத் திரையரங்கிலும் ஓடாத அந்தக் காணொளி, அமைச்சர்களின் மேசைக்குப் போகும் அறிக்கையாகிறது.

திமிங்கலச் சுறாவின் கதை மாணவர்களுக்கு இன்னும் பிடிக்கும். அதன் உடலில் உள்ள வெண்புள்ளிகள் நம் கைரேகையைப்போல் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். வானத்து விண்மீன் படங்களை ஒப்பிடுவதற்கு வானியலாளர்கள் பயன்படுத்திய கணக்குமுறையை 2005-ஆம் ஆண்டு இந்தப் புள்ளிகளுக்குப் பொருத்தினார்கள். இப்போது சுற்றுலாப் பயணி ஒருவர் எடுத்த படத்தைக் கொண்டே அது எந்தச் சுறா, முன்பு எங்கே காணப்பட்டது என்று கண்டறிய முடிகிறது. மந்தா திருக்கையை அதன் வயிற்றுப் புள்ளிகளைக்கொண்டும், கடலாமையை அதன் முகத்துச் செதில்களைக்கொண்டும் அடையாளம் காண்கிறார்கள். படத்தில் நாளும் இடமும் இல்லையென்றால் இவற்றில் எதுவும் நடவாது.

பவளப்பாறைகளின் கதை சற்றே வேறு. அங்கே அழிவு ஒரே நாளில் நிகழ்வதில்லை. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி, அந்நிலை வாரக்கணக்கில் நீடித்தால், பவள உயிரிகள் தம்முள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். நிறமிழந்து வெளுக்கும், சூடு தணியாவிட்டால் இறந்துபோகும். 2010-ஆம் ஆண்டில் நம் நாட்டின் தியோமான், ரெடாங் தீவுகளில் இத்தகைய வெளுப்பின் காரணமாக முக்குளிப்புத் தளங்கள் சிலவற்றைத் தற்காலிகமாக மூடினார்கள். 2017-இல் வெளிவந்த ‘சேஸிங் கோரல்’ ஆவணப்படக் குழுவினர், தானாக இயங்கும் கேமராக்கள் பழுதுபட்டதால், ஆஸ்திரேலியாவின் பெரும்பவளத்திட்டில் நாள்தோறும் முக்குளித்து, ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் கைப்படவே படமெடுத்தனர். உயிரோடிருந்த பாறை வெளுத்து, பாசி படர்ந்து, இறப்பதை அந்தப் படங்கள் வரிசையாகக் காட்டின. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டபோது, அதன் பொருளைப் புரிந்துகொள்ள என் மாணவர்களுக்கு அந்த வரிசைப் படங்களே உதவின.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் ஐயத்தையும் சொல்லியாக வேண்டும். படம் பார்த்தவர் மாறிவிடுவாரா? 2017-இல் பிபிசி ஒளிபரப்பிய ‘புளூ பிளானட் 2’ தொடர், கடலில் சேரும் நெகிழியைப் பற்றி உலகையே பேசவைத்தது. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அத்தொடரின் ஒரு பகுதியைச் சிலருக்குக் காட்டி, பின்னர் அவர்கள் நெகிழிப் பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்களா என்று சோதித்தது. பார்த்தவர்களின் அறிவு கூடியிருந்தது. நெகிழியை எடுக்கும் பழக்கமோ குறையவில்லை. ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிய செய்தியன்று. படம் பார்த்துக் கண்கலங்கிய பிள்ளைகள் ஓய்வுவேளையில் சிற்றுண்டிச்சாலையில் உறிஞ்சுகுழல் கேட்டு நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. பசிபிக் பெருங்கடலில் வட மரியானா தீவுகள் இருக்கின்றன. அங்கே சைப்பான் தீவில் ஒரு தொடக்கப்பள்ளி மாணவர்கள் தம் வகுப்பில் ‘ஷார்க்வாட்டர்’ படத்தைப் பார்த்தனர். பார்த்ததோடு விடாமல், சுறாத்துடுப்பு வணிகத்தைத் தடைசெய்யும் சட்டத்திற்கு ஆதரவாகத் தங்கள் சட்டமன்றத்தாருக்கு எழுதினர். 2011 ஜனவரியில் அச்சட்டம் நிறைவேறியது. படம் அதே படம்தான். படத்திற்குப் பின் அந்த ஆசிரியர் பிள்ளைகளின் கையில் எழுதுகோலைக் கொடுத்தார். வேறுபாடு அங்கேதான் இருக்கின்றது.

ஆகவே, கடலடிப் படங்களை வகுப்பில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்களுக்கும் வீட்டில் காட்ட விரும்பும் பெற்றோர்களுக்கும் என் பட்டறிவிலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1. படத்தைக் காட்டியதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: யார் எடுத்தது? எங்கே, எப்போது எடுத்தது? எதைக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள்? செயற்கை நுண்ணறிவால் இல்லாத மீனையும் உருவாக்கிக் காட்டும் காலம் இது. இக்கேள்விகள் இன்று முன்னைவிடத் தேவைப்படுகின்றன.

2. கொடுமையான காட்சிகளை வயதறிந்து காட்டுங்கள். அச்சமும் அருவருப்பும் மட்டும் மிஞ்சினால், பிள்ளை அருகிலிருப்பவரைப் பழிக்கக் கற்றுக்கொள்ளும்.

3. தொலைதூரக் கடலோடு நம்மூர்ச் சந்தையையும் இணையுங்கள். நம் அடுப்பையும் சேர்த்தே பேசுங்கள். பாட்டி, தாத்தாவைச் சாட்சிகளாக அழையுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது நம் பாடநூலில் இல்லை.

4. தீவுச் சுற்றுலா செல்லும்போது நீர்புகா உறையில் கைப்பேசியை இட்டுப் பிள்ளைகள் படமெடுக்கட்டும். ஆனால், படத்திற்காகப் பவளத்தின்மேல் நிற்பதோ, ஆமையைத் துரத்துவதோ, உயிரினங்களைக் கையில் எடுப்பதோ கூடாது. நல்ல படத்திற்காக உயிரைத் தொந்தரவு செய்பவர் அதன் நண்பர் ஆகமாட்டார்.

5. படம் பார்த்த வாரத்திலேயே ஒரு செயலைச் செய்யவையுங்கள். ஒரு கடிதம், ஓர் அட்டவணை, சிற்றுண்டிச்சாலையில் ஒரு மாற்றம், எதுவாயினும் சரி. அடுத்த வாரம் என்று தள்ளிவைத்தால் அந்த உணர்ச்சி ஆறிவிடும்.

எங்கள் வகுப்பின் அட்டவணை இப்போது அறிவியல் அறையின் சுவரில் தொங்குகிறது. முதல் வரிசையில் பாட்டி சொன்ன கை நீளம், அவர் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. படம் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக உள்ளது. அதன்கீழ் மாணவர்கள் எடுத்த படங்கள், நாளும் அளவும் குறிக்கப்பட்டு, வரிசையாக ஒட்டப்பட்டுள்ளன. அடுத்த ஆண்டு வருகிற ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இதைத் தொடர்வார்கள். இருபது ஆண்டுகள் கழித்து யாரேனும் ஒரு பிள்ளை, “அப்போது சுறா எவ்வளவு பெரிதாக இருந்தது?” என்று கேட்டால், காட்டுவதற்கு அப்போது படம் இருக்கும்.